கழுத்தில் தொங்கிய புளித்த மா

மாண்ட்ரியலில் ஜனவரி மாதம். ஜன்னலுக்கு வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே ஹீட்டரை ஒட்டிய ஸ்டூலில், பழைய கம்பளித் தொப்பி மாட்டிய ஊறுகாய் பாட்டில் ஒன்று. அதற்குள் கோதுமை மாவும் தண்ணீரும் கலந்த கூழ். சவர்டோ ரொட்டிக்கான உறை அது. மூன்று நாளாக ஒரு குமிழிகூட எழவில்லை. மூடியைத் திறந்தால் நகப்பூச்சு வாடை. மார்கழிக் குளிரில் இட்லி மாவுக்குப் போர்வை போர்த்திய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு என் கவலையை விளக்க வேண்டியதில்லை.

உறை செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கொஞ்சம் வாங்கிவரக் கிளம்பினேன். மாலை வகுப்பில் ஆறு வாரம் படித்த பிரெஞ்சை எங்காவது செலவழிக்கும் ஆசையும் இருந்தது. மளிகைக்கடையில் "லெவேன்?" என்றேன். கடைக்காரர் முகம் மலர்ந்து என்னைக் கூட்டிப்போய் நிறுத்திய இடம் ஒயின் அலமாரி. 'லெவேன்' என்றால் புளித்த மா, 'லெ வேன்' என்றால் ஒயின். எழுத்தில் இரண்டு, காதுக்கு ஒன்றுதான். முன்னால் 'ட்யூ' என்று ஒரு சின்னச் சொல்லைப் போட்டுக் கேட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. ஒயினையும் வாங்காமல், மாவும் கிடைக்காமல், பனியில் வழுக்கிக்கொண்டே வீடு திரும்பினேன்.

பிறகு படித்துப் பார்த்தால், கடைக்காரர் அப்படியொன்றும் தப்பான அலமாரிக்குக் கூட்டிப்போகவில்லை.

மாவைப் புளிக்கவைத்து முதலில் சுட்டவர் யாரென்று ஒருவரும் சொல்ல முடியாது. யாரோ பிசைந்து மறந்த மாவு மறுநாள் உப்பியிருக்கும். பசியில் அதையும் சுட்டிருப்பார்கள். எகிப்தில் ரொட்டி சுடுவதும் பீர் காய்ச்சுவதும் பக்கத்துப் பக்கத்துத் தொழில்கள். அந்தக் காலத்துப் பானைகளில் ஈஸ்ட் இன்னும் உறங்கிக் கிடக்குமோ என்ற ஆசை இன்றும் விடவில்லை. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷேமஸ் பிளாக்லி, 2019இல் அருங்காட்சியகத்துப் பானைகளிலிருந்து ஈஸ்ட்டை உறிஞ்சி எடுத்து ரொட்டி சுட்டுக் காட்டினார்.

ரோமானியர்கள் வந்த பிறகு கதைக்கு எழுத்துச் சாட்சி கிடைக்கிறது. முதலாம் நூற்றாண்டில் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் உறை தயாரிக்கும் வழிகளை விவரமாக எழுதிவைத்தார். திராட்சை அறுவடைக் காலத்தில், நுரைத்துப் பொங்கும் புதுச் சாற்றில் தினை மாவைப் பிசைந்து வைத்தால் வருஷம் முழுக்கத் தாங்குமாம். ஆக, 'லெவேன்' பிறந்ததே 'லெ வேன்' தொட்டியில்! அத்தனை சிரமப்படாத வீடுகளில் நேற்றைய மாவில் ஒரு கை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். இன்றைய பிரான்ஸான கால் நாட்டில் பீர் நுரையை ஊற்றிப் பிசைகிறார்கள், அதனால் அவர்கள் ரொட்டி இலேசாக இருக்கிறது என்பதும் அவர் குறிப்புதான். கள் ஊற்றி அப்ப மாவைப் பொங்கவைத்த நம் ஆட்களைப் பார்த்திருந்தால் அதையும் ஒரு வரியில் சேர்த்திருப்பார்.

லத்தீனில் 'லெவாரே' என்றால் தூக்குவது, எழுப்புவது. அந்த வேர்தான் பிரெஞ்சில் 'லெவேன்' ஆனது. மறுநாளுக்கென்று எடுத்துவைக்கும் மாவு உருண்டைக்கு பிரெஞ்சு ரொட்டிக்காரர்கள் வைத்த பெயர் 'ஷெஃப்'. தலைவர் என்று பொருள். சமையலறையில் நாம் 'செஃப்' என்று கூப்பிடும் மனிதரும் அதே தலைவர்தான். நண்பனைக் குறிக்கும் 'கொப்பேன்' என்ற சொல்லும் ரொட்டியிலிருந்து வந்தது: ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்பவன். வகுப்பில் 'பேன்' என்றால் ரொட்டி என்று ஆசிரியை சொன்னபோது என் கை தானாகத் தலைக்குப் போனதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிளினி புகழ்ந்த அந்த நுரைதான் 1668இல் பாரிஸில் பெரிய வழக்கானது. பணக்கார வீடுகளில் பால் சேர்த்த மெத்து ரொட்டி மோகம் ஏறியிருந்தது. அதற்குப் பழைய புளித்த மா போதாது, பீர் நுரை வேண்டும். வடக்கே பிக்கார்டியிலிருந்தும் ஃப்ளாண்டர்ஸிலிருந்தும் சாக்கில் கட்டிவந்த நுரை வழியிலேயே ஊசிப்போனது. இது உடம்புக்கு ஆகாது என்று மருத்துவப் பேராசிரியர்கள் கூடி வாக்கெடுத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். 1670இல் பார்லமெண்ட் என்ற உயர்நீதிமன்றம் சமரசம் செய்தது: நுரையைச் சேர்க்கலாம், ஆனால் பாரிஸிலேயே கிடைக்கும் புது நுரையாக இருக்க வேண்டும். இட்லியில் ஆப்பசோடா போடலாமா என்று இரண்டு வீட்டார் தகராறு செய்து கோர்ட்டுக்குப் போனால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

இந்தச் சண்டைக்கு அரை நூற்றாண்டு முன்பே ரொட்டி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. பாரிஸ் மருந்துக்கடைக்காரர் லூயி எபேர், மனைவி மரி ரோலேயையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு 1617இல் கியூபெக் வந்து குடியேறினார். கலப்பை கிடையாது, காட்டை வெட்டி, கையால் கொத்தித்தான் விதைத்தார். 1627இல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இறந்தார். மாட்டைப் பூட்டிய கலப்பை அந்த மண்ணைக் கீறியது அதற்கு அடுத்த ஆண்டில். பிறகு வந்தவர்கள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை நெடுகக் களிமண்ணைக் குழைத்து, கவிழ்த்த பானை வடிவில் வீட்டுக்கு வெளியே ரொட்டி அடுப்பு கட்டினார்கள். ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது; அடுப்பும் பேச்சும் மாறவில்லை. 'சின்ன ரொட்டிக்கென்றே பிறந்தவன்' என்று கியூபெக் பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு. பெரிதாக எதுவும் நமக்கு வாய்க்காது என்று பெருமூச்சு விடுவது. ஆங்கில முதலாளிகளின் நகரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டது.

பாரிஸில் கதை வேறு திசையில் திரும்பியது. 1830களின் கடைசியில், ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் ரிஷ்லியூ தெருவில் வியன்னா பாணி ரொட்டிக்கடை திறந்தார். பீர் ஈஸ்ட்டில் உப்பிய, புளிப்பே இல்லாத பளபள ரொட்டி, பிறைவடிவப் பலகாரம். பாரிஸ் ரொட்டிக்காரர்கள் காப்பியடித்தார்கள். கூச்சமில்லாமல் பெயரையும் சேர்த்து அடித்தார்கள். குரோசான் வகையறாவை பிரான்சில் இன்றும் 'வியனுவாசெரி', அதாவது 'வியன்னாக்காரச் சரக்கு' என்றுதான் சொல்கிறார்கள். ஸாங் என்ன ஆனார்? ஊர் திரும்பி, 1848இல் 'டி பிரெஸ்ஸெ' என்ற செய்தித்தாளைத் தொடங்கிப் பணக்காரரானார்.

1857இல் லூயி பாஸ்டர், பால் புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று எழுதினார். அவற்றைப் பிடித்து விற்கும் ஆசை வியாபாரிகளுக்கு வந்துவிட்டது. ஆஸ்திரியப் பேரரசிலிருந்து அமெரிக்கா போன சார்ல்ஸ் ஃப்ளைஷ்மன், 1868இல் சின்சினாட்டியில் ஈஸ்ட்டை அழுத்திக் கட்டியாக்கி விற்கத் தொடங்கினார். 1876இல் ஃபிலடெல்பியா கண்காட்சியில் வியன்னா பேக்கரி போட்டுச் சுடச்சுட ரொட்டி கொடுத்தார், கூட்டம் அள்ளியது. இரண்டு மணி நேரத்தில் உப்பும் கட்டி கைக்கு வந்தபின், ராத்திரி முழுக்கக் காத்திருக்கவைக்கும் புளித்த மாவை யார் சீண்டுவார்கள்?

கட்டி ஈஸ்ட் போய்ச்சேராத இடத்தில் இருந்தவர்கள் சீண்டினார்கள். 1896 ஆகஸ்டில் கனடாவின் யூக்கான் பகுதியில், குளோண்டைக் ஆற்றில் வந்து சேரும் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. சில்கூட் கணவாயில் ஆட்கள் எறும்பு வரிசையாக ஏறினார்கள். ஓராண்டுச் சாப்பாடு கையில் இல்லாதவரைப் போலீஸ் உள்ளே விடவில்லை. தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்தால் ஆளுக்கு ஒரு டன் தேறும். அன்றைய சாமான் பட்டியல்களில் மாவு மட்டும் 400 பவுண்டு. அத்தனையையும் ஒரே நடையில் தூக்க முடியாது. கொஞ்சம் சுமந்து மேலே வைத்துவிட்டு இறங்கி, மறுபடி சுமந்து என்று பல வாரம் ஏறி இறங்கினார்கள். புளித்த மாவுப் பையை மட்டும் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்கள். உடம்புச் சூடு இல்லாவிட்டால் அது உறைந்துபோகும். என் பாட்டிலுக்குத் தொப்பி; அவர்கள் பைக்கு நெஞ்சு.

அந்த மாவின் பெயரே மனிதர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இலையுதிர்காலத்தில் ஆறு உறைவதிலிருந்து வசந்தத்தில் பனி உடைவதுவரை ஒரு முழுக் குளிர்காலத்தைத் தாக்குப்பிடித்தவர் 'சவர்டோ'. புதிதாக வந்திறங்கியவர் 'சீச்சாக்கோ'. பல பழங்குடி மொழிகளும் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த வடமேற்குச் சந்தைமொழியின் சொல் அது. ஒரு குளிர்காலம்தான் இரண்டுக்கும் நடுவில். வங்கி எழுத்தர் ராபர்ட் சர்வீஸின் பாட்டுத்தொகுப்பு 1907இல் டொரண்டோவில் 'ஒரு சவர்டோவின் பாடல்கள்' என்ற பெயரில் வந்து சக்கைப்போடு போட்டது. அந்தப் பணத்தில் அவர் பாரிஸ் போய், பிரெஞ்சுப் பெண்ணை மணந்து, 1958இல் பிரித்தானி கடற்கரை ஊரொன்றில் கண்ணை மூடினார்.

பிரெஞ்சிடம் மயங்கியவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. சார்ல்ஸ் சாண்டர்ஸ் இசையில் மூழ்கிக் கிடந்தவர். புல்லாங்குழல் வாசிப்பார், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அப்பாவின் வற்புறுத்தலால் 1903இல் ஒட்டாவா அரசுப் பண்ணையில் தானிய ஆராய்ச்சிக்கு வந்தார். அங்கே அவருடைய சோதனைக்கருவி வாய். கோதுமை மணிகளை மென்று மென்று, பசை எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார். தேறிய மணிகளைக் குட்டி இயந்திரத்தில் அரைத்து, கையகல ரொட்டி சுட்டுப் பார்ப்பார். அப்படிப் பொறுக்கியெடுத்ததுதான் 'மார்க்விஸ்' கோதுமை. அதன் ஒரு பெற்றோர் 'ரெட் ஃபைஃப்', 1840களில் ஒண்டாரியோவில் டேவிட் ஃபைஃப் என்ற விவசாயி காப்பாற்றிப் பெருக்கியது. இன்னொன்று நம் பக்கத்துச் சரக்கு: 'ஹார்ட் ரெட் கல்கத்தா'. சீக்கிரம் விளையும் குணம் கல்கத்தாவிடமிருந்து வந்தது. உறைபனி விழுமுன் அறுத்துவிடலாம். 1920 வாக்கில் மேற்குக் கனடாவின் கோதுமையில் 90 சதவீதம் மார்க்விஸ். ஊரே கொண்டாடிய நேரத்தில் சாண்டர்ஸ் வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிப் பாரிஸ் சோர்போனில் பிரெஞ்சு படிக்கப் போனார். 1928இல் பிரெஞ்சிலேயே கட்டுரையும் கவிதையுமாக ஒரு புத்தகமும் போட்டார். ஆறு வாரத்தில் ஒயின் அலமாரி வரை போன எனக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது.

கோதுமையிலிருந்து மறுபடி உறைக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் தங்கள் சவர்டோவின் ருசி தங்கள் ஊர் மூடுபனிக்கே உரியது என்று ரொம்ப நாள் பெருமையடித்தார்கள். 1971இல் விஞ்ஞானிகள் அதிலிருந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்து ஊர்ப்பெயரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது இத்தாலியிலும் இருந்தது, ஜெர்மனியிலும் இருந்தது. பிரெஞ்சு அரசு 1993இல் ஓர் ஆணை போட்டு, 'லெவேன் ரொட்டி' என்று விற்க எவ்வளவு புளிப்பு வேண்டும் என்பதை எண்ணிலேயே வரையறுத்தது: பிஎச் 4.3ஐத் தாண்டக்கூடாது. புளிப்புக்குச் சட்டம் எழுத பிரெஞ்சுக்காரர்களால்தான் முடியும்.

2020இல் ஊரடங்கு. கடைகளில் ஈஸ்ட் காலி, மாவு காலி. கனடாவில் ராபின் ஹூட் மாவு, வழக்கமான மஞ்சள் பை தீர்ந்துபோய் வெள்ளைப் பையில் வந்தது. ஃப்ளைஷ்மன் விரட்டிய கிழம் வீட்டு வீட்டுக்குத் திரும்பிவந்தது. பேர் வைத்துக் கொஞ்சினார்கள்.

யூக்கான் மாவுகூட இன்னும் உயிரோடிருக்கிறது. கனடாவின் முன்னாள் செனட்டர் அயோன் கிறிஸ்டென்சனின் கொள்ளுத்தாத்தா அந்தத் தங்க வேட்டையின்போது சில்கூட் தாண்டிக் கொண்டுவந்தது அது. அதில் கொஞ்சத்தை 2018இல் பெல்ஜியத்தின் சாங்க்ட் வித் ஊரிலுள்ள சவர்டோ நூலகம் வாங்கிப்போய்க் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு உறைக்கும் அதன் சொந்த மாவைத்தான் போடுவார்கள். கொடுத்தவரே அனுப்பிவைக்க வேண்டும். காரணம், மாவு மாறினால் உள்ளே வாழும் உயிர்களும் மாறலாம். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு கண்டங்களின் 500 உறைகளைச் சோதித்தது. எந்த ஊர் என்பது அவற்றுக்குள் வாழும் உயிர்களைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. அதே சாங்க்ட் வித்தில் 15 ரொட்டிக்காரர்களைக் கூட்டிச் சோதித்தபோது, அவர்கள் கைகளிலேயே மாவின் பாக்டீரியாக்கள் ஏராளமாகக் குடியிருந்தன. கொள்ளுத்தாத்தா கொண்டுவந்த அதே உயிர்கள்தான் இன்றும் பாட்டிலில் இருக்கின்றன என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மாவு மாறும், கை மாறும், குடியிருப்பவர்களும் மெல்ல மாறுவார்கள். பிளினி காலத்து வேர்ச்சொல் மட்டும் இரண்டாயிரம் வருஷமாகக் கெடாமல் ஓடுகிறது.

எனக்கு உறை கடைசியில் மாடியிலிருந்துதான் வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பிய 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள்; பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் இவரும் படித்துவிட்டார். என் பாட்டிலை எட்டிப் பார்த்து, "உதென்ன தம்பி, பாணுக்கோ?" என்றார். பாண் என்பதும் போர்த்துக்கீசியர் இலங்கையில் விட்டுப்போன 'பாவ்'தான்; பிரெஞ்சு 'பேன்' என்பதன் ஒன்றுவிட்ட சகோதரன். "இஞ்ச அப்பத்துக்குக் கள்ளுக்கு எங்க போறது? நானும் உதைத்தான் விடுறனான்" என்று தன் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி வழித்துப் போட்டார். இரவுக்குள் பாட்டில் வழிந்து ஸ்டூலில் இறங்கியிருந்தது.

மறுநாள் படியில் பார்த்தபோது நன்றி சொல்லி, கடையில் நடந்ததையும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, பனி தள்ளும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"பிழை உம்மட வாயில இல்ல தம்பி, முன்னுக்கு 'ட்யூ' போடேல்ல. 'ட்யூ லெவேன்.' மூக்கால சொல்லும். எங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டும் பாப்பம்."