புக்கெகோஹி பந்தயத் தடம்: கட்டுப்பாட்டு இழப்பும் ஓட்டுநர் பிழையும்

டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிப்பு தீர்ந்து, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கார் கீழ்ப்படியாமல் போவதே கட்டுப்பாட்டு இழப்பு. இயந்திரப் பழுது, எண்ணெய்க் கசிவு, திடீர் மழை ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். ஓட்டுநரின் செயலே பிடிப்பின் எல்லையைத் தாண்டச் செய்தால் அது ஓட்டுநர் பிழை எனப்படும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புக்கெகோஹியில் 1963 முதல் 2023 வரை இயங்கிய பந்தயத் தடம், இவ்விரண்டையும் விளக்க ஏற்ற களம்.

தடத்தின் வரலாறு

நியூசிலாந்து கிராண்ட் பிரி 1962 வரை ஆர்ட்மோர் விமான ஓடுதளத்தில் நடந்தது. 1963இல் புக்கெகோஹியின் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி அமைக்கப்பட்ட புதிய தடத்துக்கு மாறியது. அவ்வாண்டு ஜான் சர்டீஸும், 1964இல் ஆக்லாந்தில் பிறந்த புரூஸ் மெக்லாரனும், 1968, 1969 ஆண்டுகளில் கிறிஸ் ஏமனும் இங்கே வென்றனர். ஆஸ்திரேலிய வி8 சூப்பர்கார்ஸ் பந்தயம் 2001 முதல் 2007 வரை இங்கு நடந்து, 2013இல் திரும்பி வந்தது. அந்த ஆண்டு பின்பக்க நேர்பாதையில் வேகத்தைக் குறைக்கும் வளைவுகள் சேர்க்கப்பட்டதால், தடத்தின் நீளம் 2.82 கிலோமீட்டரிலிருந்து 2.91 கிலோமீட்டராயிற்று.

அதிவேகம், மேடுபள்ளமான தரை, நெருங்கி நிற்கும் சுவர்கள் ஆகியவை இத்தடத்தின் அடையாளங்கள். மேட்டில் ஏறி இறங்கும் கணத்தில் டயர் மீதுள்ள சுமை குறைகிறது. அந்தக் கணத்தில் பிடிப்பும் குறைகிறது.

பிடிப்பின் கணக்கு

ஒரு டயரின் பிடிப்பு அளவானது. பிரேக், முடுக்கம், திரும்புதல் மூன்றும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. முழுப் பிடிப்பையும் பிரேக்குக்குச் செலவிட்டவருக்குத் திரும்ப எதுவும் மிஞ்சாது. 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில், உராய்வுக் கெழு 1 என்றால் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வரை போகலாம். ஈரத்தில் கெழு பாதியானால் எல்லை 56 கிலோமீட்டர்தான். தேவைப்படும் பக்கவிசை வேகத்தின் இருமடியில் வளர்வதால், வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் விசை 21 விழுக்காடு கூடுகிறது.

முன்டயர்கள் முதலில் வழுக்கினால் கார் வளைவின் வெளிப்புறம் நோக்கி நேராகப் போகும், இது அண்டர்ஸ்டியர். பின்டயர்கள் முதலில் வழுக்கினால் பின்பகுதி சுழன்று வரும், இது ஓவர்ஸ்டியர்.

வழக்கமான பிழைகள்

வளைவின் நடுவே வேகம் அதிகமென்று உணர்ந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுப்பது மிகப் பரவலான பிழை. உடனே சுமை முன்னுக்கு நகர்கிறது, பின்டயர்கள் இலேசாகின்றன, கார் சுழல்கிறது. பின் அச்சுக்கும் பின்னே எஞ்சின் கொண்ட போர்ஷே 911 இவ்வியல்புக்குப் பேர்போனது. அச்சம் வந்தால் காலை எடு என்று உடம்பு சொல்வது சாலையில் பெரும்பாலும் சரி. தடத்தின் வளைவில் அதுவே ஆபத்து.

வழுக்கலைத் திருத்த எதிர்த்திசையில் திருப்பிய ஸ்டியரிங்கை உரிய நேரத்தில் மீட்காவிட்டால், பிடிப்பு திரும்பியதும் கார் மறுபக்கம் வீசப்படும். முதல் வழுக்கலைவிட இரண்டாவது வீச்சே பலரைச் சுவரில் கொண்டு சேர்க்கிறது. மோதப்போகும் சுவரையே பார்ப்பதும் பிழை, ஏனெனில் கண் போகும் இடத்துக்கே கை திருப்பும். டயர் சூடேறாத முதல் சுற்றிலும், உடல் களைத்த கடைசிச் சுற்றுகளிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

பிழையா, பழுதா?

சுழன்ற காரைக் கண்டதும் ஓட்டியவரைக் குற்றஞ்சொல்வது நியாயமல்ல. 1970 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் மெக்லாரன் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது காரின் பின்பக்க உடற்கூடு பிரிந்தது. தரையோடு அழுத்தும் காற்றுவிசை போய்விடவே, கார் மோதி அவர் இறந்தார். எந்தத் திறமையும் அதைத் தடுத்திருக்காது.

தடுப்பு

நேர்பாதையிலேயே பிரேக்கை முடிப்பது, பெடல்களை மெல்ல அழுத்தி மெல்ல விடுவது, வளைவின் வெளியேறும் முனையை நோக்குவது ஆகியவை அடிப்படைப் பயிற்சிகள். 1995 முதல் கார்களில் வரத் தொடங்கிய மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு சக்கரங்களைத் தனித்தனியே பிரேக்கிட்டு உதவும். எனினும் இயற்பியல் எல்லையை அதனால் நீட்டிக்க முடியாது. தேர்ச்சி பெறும் முன்பே அதை அணைப்பது விபத்தை அழைப்பதாகும்.

2023 ஏப்ரலில் புக்கெகோஹியில் கார்ப் பந்தயம் நிறைவுற்றது. இடம் குதிரைப் பந்தயத்துக்கே ஆனது. ஆர்ட்மோரிலிருந்து புக்கெகோஹிக்குப் பந்தயம் மாறியதுபோலவே, தமிழகத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் வளர்ந்த பந்தயமும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. கொடி காட்டுவோரும் ஆம்புலன்சும் அருகில் நிற்க, எதிரே வண்டி வராத இத்தகைய தடத்தில்தான் பிடிப்பின் எல்லையைக் கற்க வேண்டும். பொதுச்சாலையில் அதைச் சோதிப்பவர் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.