பெயர் எழுதாத உரிமை

2013 ஜூன் 27 இரவு. நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருக்கும் பார்க்ளேஸ் சென்டர் அரங்கில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அந்த ஆண்டு டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. பெயர் வாசிக்கப்பட்ட இளைஞர்கள் ஒவ்வொருவராக மேடையேறிப் புதிய அணியின் தொப்பியை அணிந்துகொண்டிருந்தபோதே வேறொரு செய்தி கசிந்தது. அந்த அரங்கைச் சொந்தக் களமாகக் கொண்ட புரூக்ளின் நெட்ஸ் அணி, பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்கப்போகிறது. ஜூலை 12-ல் பேரம் அதிகாரபூர்வமானபோது முழு விலையும் தெரிந்தது. சில ஆட்டக்காரர்கள்; கூடவே 2014, 2016, 2018 ஆண்டுகளுக்கான புரூக்ளினின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள்; 2017-ல் பாஸ்டன் விரும்பினால் இரு அணிகளின் இடத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை.

அன்றைக்கு எல்லோரும் பேசியது கார்னெட்டையும் பியர்ஸையும் பற்றித்தான். ஆனால் பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பேரத்தில் நெடுந்தூரம் பயணம் செய்தவை அந்த உரிமைகளே. அவற்றில் எந்தப் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

டிராஃப்டில் ஏலம் கிடையாது. கூடுதல் பணம் சொல்லி யாரும் ஓர் இளைஞனைத் தட்டிக்கொண்டு போக முடியாது. அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு வரிசையின் முன்பகுதியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த இடத்தைத்தான் ‘பிக்’ என்கிறார்கள். அதை விற்கலாம், மாற்றலாம், பல ஆண்டுகளுக்கு முன்பே அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம். எந்த இளைஞனை எந்த அணி எடுக்கும் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கும் ‘மாக் டிராஃப்ட்’ பட்டியல்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் வருங்காலத்து பிக் ஒன்றுக்கு விலை வைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இந்த அணி அந்த ஆண்டில் எவ்வளவு தோற்கும்? அந்த ஆண்டில் வரும் பையன்களில் யார் வளர்வான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் புரூக்ளின் பிக்குகளைப்போல் தெளிவாகக் காட்டிய கதை வேறில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த உரிமைகள் ஓராண்டு விட்டு ஓராண்டாக அமைந்ததற்கு ஒரு விதி காரணம். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன், அணியின் முதல் சுற்று பிக்குகளை வரிசையாக வாரிக் கொடுத்தார். அணி எதிர்காலமே இல்லாமல் நின்றது. அதன்பின், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்று பிக் இல்லாத நிலையை எந்த அணியும் தானாக உண்டாக்கிக்கொள்ளக் கூடாது என்று லீக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்றும் அது ஸ்டெபியன் விதி என்றே வழங்குகிறது. 2017-ஐ நேரடியாகக் கொடுக்க முடியாது. ஆனால் இடம் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினாலும் கையில் ஒரு பிக் இருக்கும் அல்லவா? பாஸ்டனின் பொறுப்பாளர் டேனி எய்ஞ்ச் அந்த இடைவெளியைச் சரியாகப் பயன்படுத்தினார்.

இன்னொன்றும் அந்தப் பேரத்தில் இருந்தது. பொதுவாக பிக்கை விற்கும் அணி ஒரு பாதுகாப்பு வைத்துக்கொள்ளும்: முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் எனக்கே, அதற்குப் பின்னால் போனால் உனக்கு என்பதுபோல. புரூக்ளின் அப்படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பூ வைக்கும் முன்பே மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர், காய்ப்பு எவ்வளவானாலும் தனக்கு ஒரு மரம்கூட வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததைப் போன்றது இது. உரிமையாளர் மிகைல் புரொகோரோவ் உடனே ஒரு பட்டத்தை விரும்பினார். நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்கு அணி குடிபெயர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. புதிய ஊரில் பெயர் நாட்ட வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதே.

எய்ஞ்ச் எந்த இளைஞனையும் கணிக்கவில்லை. அவர் கணித்தது முதுமையை. கார்னெட்டுக்கு அப்போது வயது 37, பியர்ஸுக்கு 35. இருவரையும் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். இரண்டு மூன்று பருவங்களுக்குப் பிறகு புரூக்ளின் சரியும், சரிந்தால் எழுந்திருக்கக் கையில் பிக் இருக்காது என்பதே அவர் கணக்கு. அது பலித்தது. முதல் பருவத்தில் புரூக்ளின் 44 ஆட்டங்களில் வென்று பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோற்றது. 2014-ல் பியர்ஸ் வாஷிங்டனுக்குப் போனார். 2015 பிப்ரவரியில் கார்னெட் மின்னசோட்டாவுக்குப் போனார். 2015–16-ல் புரூக்ளினின் வெற்றிகள் 21. அடுத்த பருவத்தில் 20 மட்டுமே, 62 தோல்விகள், லீக்கிலேயே கடைசி இடம்.

இந்தச் சரிவு நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்த உரிமைகளில் பின்னால் எழுதப்படவிருந்த பெயர்களுக்கு உரியவர்கள் எங்கே இருந்தார்கள்? பேரம் முடிந்த 2013 கோடையில் ஜேலன் பிரவுனுக்கு 16 வயது. செயின்ட் லூயியில் ஜேசன் டேட்டத்துக்கும் மேரிலாந்தில் மார்கெல் ஃபுல்ட்ஸுக்கும் 15. ஜார்ஜியாவில் காலின் செக்ஸ்டனுக்கு 14. அந்த ஆண்டு தொடங்கிய பள்ளிப் பருவத்தில் டிமாத்தா பள்ளியின் முதன்மை அணியில் ஃபுல்ட்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை; அதற்கு அடுத்த நிலை அணியில்தான் ஆடினார். நான்கே ஆண்டுகளில் அமெரிக்காவின் முதல் இளைஞன் என்று பட்டியல்கள் அவரைச் சொல்லப்போகின்றன. பதினைந்து வயதில் ஒரு பையனை அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதலில் கனிந்த 2014 பிக் 17-வது இடத்தில் வந்தது. பாஸ்டன் எடுத்த ஜேம்ஸ் யங் லீக்கில் நிலைக்கவில்லை. 2016 பிக் மூன்றாவது இடத்தில் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜேலன் பிரவுனை பாஸ்டன் எடுத்தபோது ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் ஆத்திரத்துக்கு எண்களும் துணை நின்றன. கல்லூரியில் அவர் தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளி முயற்சிகளில் 29.4 சதவீதமே கூடைக்குள் விழுந்திருந்தன. ஆனால் உடல் வலிமையும் தற்காப்பும் கற்றுக்கொள்ளும் பிடிவாதமும் இருந்தன. பிடிவாதத்தை அளக்க எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

பிறகு 2017. கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் பிக் என்று அன்றும் விதி இல்லை, இன்றும் இல்லை. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளை ஓர் இயந்திரத்தில் சுழற்றி நான்கை எடுப்பார்கள். கிடைக்கக்கூடிய 1001 சேர்க்கைகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000-ஐப் பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பங்கிட்டிருப்பார்கள். அப்போதைய விதிப்படி கடைசி அணிக்கு 250. அதாவது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று குறைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே தோற்கும் ஆசையைத் தணிக்கவே அந்த மாற்றம். மே 16 அன்று புரூக்ளினின் பந்துகள் விழுந்தன. முதல் பிக் கிடைத்தது பாஸ்டனுக்கு. அந்தப் பருவத்தில் 53 ஆட்டங்களில் வென்று கிழக்கு மண்டலத்தில் முதலிடம் பிடித்திருந்த அணி, லீக்கின் மிக மோசமான அணிக்குரிய பரிசைக் கையில் வைத்திருந்தது. மாற்றாக பாஸ்டனின் 27-வது இடம் புரூக்ளினுக்குப் போனது. அதையும் புரூக்ளின் லேக்கர்ஸிடம் கைமாற்ற, அங்கே அது கைல் குஸ்மா ஆனது.

இப்போது முதல் கேள்வி தீர்ந்தது. இரண்டாவது கேள்வி எழுந்து நின்றது. பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே குரலில் ஃபுல்ட்ஸைச் சொன்னன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 23.2 புள்ளிகள், 5.9 அசிஸ்ட்; மூன்று புள்ளி எறிதலில் 41.3 சதவீதம். டியூக் பல்கலைக்கழகத்தின் டேட்டத்துக்கு அதில் 34.2 சதவீதம்தான். பிலடெல்பியாவில் ஜோயல் எம்பீடும் பென் சிம்மன்ஸும் இருந்தார்கள்; சிம்மன்ஸ் தொலைவிலிருந்து எறியாதவர். அங்கே ஃபுல்ட்ஸ் பொருந்துவார் என்பது நியாயமான சிந்தனை. ஜூனில் எய்ஞ்ச் முதல் பிக்கைப் பிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாவது பிக்கையும் வருங்காலத்து முதல் சுற்று பிக் ஒன்றையும் பெற்றுக்கொண்டார். அவர் மனத்தில் இருந்தவர் டேட்டம்.

ஆனால் இன்னோர் எண்ணும் கண்முன்னே இருந்தது. தடுப்பார் யாருமின்றி 15 அடியிலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோவில் டேட்டம் 84.9 சதவீதம், ஃபுல்ட்ஸ் 64.9. தூரம் மாறாது, எதிராளியின் கை குறுக்கே வராது என்பதால், எறியும் கையின் உண்மைத் திறனை இந்த எண் நன்றாகச் சொல்லும் என்று புள்ளிவிவரக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். முதல் பருவத்திலேயே டேட்டம் மூன்று புள்ளி எறிதலில் 43.4 சதவீதத்தைத் தொட்டார்.

ஃபுல்ட்ஸின் கதையை அந்த ஓர் எண்ணோடு முடித்துவிடுவது அநியாயம். தோளில் ஏதோ சரியில்லை. எறியும் முறையே உருமாறியது. முதல் பருவத்தில் 14 ஆட்டங்கள் மட்டும். அவர் எறிய முயலும் காணொளிகளை உலகம் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தது. பயந்துவிட்டான், மனம் உடைந்துவிட்டது என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் தீர்ப்பு எழுதினார்கள். 2018 டிசம்பரில்தான் மருத்துவர்கள் காரணத்தைச் சொன்னார்கள்: கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்புகளும் ரத்தக்குழாய்களும் நெருக்கப்படும் ஒரு நோய். அவருக்கு அப்போது வயது 20. இரண்டு மாதத்தில் ஆர்லாண்டோவுக்கு மாற்றப்பட்டார். அங்கே மீண்டும் ஆடத் தொடங்கினார். எந்தப் பட்டியலும் இதைக் கண்டிருக்க முடியாது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நோய் என்று தெரியும் முன்பே அந்தப் பையனைக் கோழை என்று சொன்னது கணிப்பின் குறை ஆகாது, மனிதர்களின் குறை.

2018 பிக் வேறு வழியில் போனது. 2017 ஆகஸ்டில் கைரி இர்விங்கைப் பெறுவதற்காக ஐசயா தாமஸ், ஜே க்ரௌடர், ஆன்டே ஜிஜிச் ஆகியோருடன் அதையும் பாஸ்டன் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. இர்விங்கே இப்படிக் கைமாறிய ஓர் உரிமையின் பலன்தான். 2011-ல் கிளிப்பர்ஸ் அணி பாதுகாப்பு எதுவுமின்றிக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்த பிக், 2.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடத்தைப் பிடித்து இர்விங் ஆனது.

2017 நவம்பரில் நடந்த ஒன்றை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழக அணி மின்னசோட்டாவுடன் மோதியது. கைகலப்பில் களமிறங்கியதால் அலபாமாவின் மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒருவர் தவறுகள் மிகுந்து வெளியேறினார், இன்னொருவருக்குக் காயம். கடைசிப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஐந்து பேருக்கு எதிராக மூன்றே பேர். அந்த மூவரில் ஒருவரான செக்ஸ்டன் அன்று 40 புள்ளிகள் குவித்தார். களம் பார்க்ளேஸ் சென்டர். தன்னைத் தேர்ந்தெடுக்கப்போகும் உரிமை முதலில் எந்த அணிக்குச் சொந்தமாக இருந்ததோ, அந்த அணியின் வீட்டிலேயே ஆடினார்.

இழப்பதற்கு பிக் இல்லாததால் தோற்பதில் புரூக்ளினுக்கு ஆதாயமும் இல்லை. ஷான் மார்க்ஸின் பொறுப்பில் அணி உழைத்து 28 வெற்றிகள் வரை ஏறியது. பிக் எட்டாவது இடத்துக்கு இறங்கியது. கிளீவ்லாந்து செக்ஸ்டனை எடுத்தது. 2022 செப்டம்பரில் டோனவன் மிட்செலுக்கான பேரத்தில் அவர் யூட்டாவுக்குப் போனார். அப்போது யூட்டாவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டேனி எய்ஞ்ச். 2013-ல் பெயரில்லாத காகிதமாக வாங்கியதை, ஒன்பது ஆண்டு கழித்து 23 வயது இளைஞனாக அவர் திரும்பப் பெற்றார். இர்விங்கோ 2019-லேயே புரூக்ளினில் போய்ச் சேர்ந்திருந்தார்.

2024 ஜூனில் பாஸ்டன் தன் 18-வது பட்டத்தை வென்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஜேலன் பிரவுன். கூட நின்றவர் டேட்டம். அந்தப் பழைய பேரம் வரலாற்றின் மிகச் சாமர்த்தியமான பேரங்களில் ஒன்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் உறுதியாகக் கணிக்கப்பட்டது இரண்டு மூத்த ஆட்டக்காரர்களின் தளர்ச்சி மட்டுமே. இளைஞர்களைப் பொறுத்தவரை, ஒரே உரிமைத் தொகுப்பிலிருந்து ஒரு சாம்பியனும், நிலைக்காத ஓர் ஆட்டக்காரரும், கைமாறிக்கொண்டே இருந்த ஒருவரும், நோயோடு போராடிய ஒருவரும் வந்தார்கள். நால்வரையும் தேர்ந்தவர்கள் அனுபவசாலிகள். நால்வரையும் விரிவாக ஆராய்ந்தே தேர்ந்தார்கள்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் பட்டியல்கள் வரும்போது, அவற்றை அணிகளின் தேவையைச் சொல்லும் ஆவணங்களாகப் படிக்கிறேன். எந்த அணிக்கு எறிபவன் வேண்டும், எந்த அணிக்கு உயரம் வேண்டும் என்பதை அவை நன்றாகவே சொல்கின்றன. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருபத்தைந்தில் என்ன ஆவான் என்பதைச் சொல்ல அவற்றுக்கு அதிகாரமில்லை. முதலிடத்தின் விலையை நிர்ணயித்தது ஒரு வயதான அணியின் சரிவும், ஓர் இயந்திரத்தில் சுழன்ற பந்துகளும், இரண்டு பொறுப்பாளர்களின் பேரமும். அந்த விலைக்கு ஈடாக ஆட வேண்டும் என்று ஃபுல்ட்ஸிடம் கேட்க யாருக்கும் உரிமை இருந்ததில்லை. அந்த விலை உருவாகத் தொடங்கியபோது அவர் பள்ளியின் முதன்மை அணியில் ஓர் இடத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தார்.