சுழலும் நீரைப் படித்தவர்



கட்டைபறிச்சானில் வாழ்பவருக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒருபுறம் வயல்வெளி, அருகே மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் சூட்டிக் காற்றோடு வாழ்ந்தவர்கள் எம்மவர்கள். அந்தக் காற்று வளைந்தும் சுழன்றும் வீசுவது ஏன் என்பதைத் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைச் சுழற்றிப் பார்த்தே விளக்க முயன்ற ஓர் அறிஞரின் கதை இது.

அவர் பெயர் றேமண்ட் ஹைட். 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தில், டொன்காஸ்டர் நகரை அண்டிய பென்ட்லி என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். மான்செஸ்டரில் பௌதிகம் கற்று, 1950இல் கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வு மாணவராகச் சென்றார்.

பூமிக்கு ஏன் காந்தப்புலம் உண்டு என்பதே அங்கு அவர் முன் இருந்த கேள்வி. பூமியின் ஆழத்தில் உருகிய இரும்பு புரண்டுகொண்டிருக்கிறது. பூமியோடு சேர்ந்து அதுவும் சுழல்கிறது. அங்கே போய்ப் பார்க்க எவராலும் முடியாது. ஆகவே ஹைட் ஒரு சிறிய மாதிரியை அமைத்தார். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உருளைகள், இடையே தண்ணீர், வெளிச்சுவரில் வெப்பம், உட்சுவரில் குளிர்ச்சி. முழுவதையும் ஒரு மேடையில் ஏற்றிச் சுழற்றினார்.

மெதுவாகச் சுழன்றபோது நீர் ஒழுங்காக வட்டமிட்டது. வேகம் கூடியபோது அந்த வட்டம் நெளிந்து, பாம்பு போல் அலையாக வளைந்தோடியது. சில வேளைகளில் அலைகள் பெருத்துச் சிறுத்து, மீண்டும் பெருத்தன. அதைக் கண்ட முதுபெரும் அறிஞர் சேர் ஹரல்ட் ஜெப்ரிஸ், இது வளிமண்டலத்தைப் போலிருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார். வெப்பமான வெளிச்சுவர் பூமத்திய ரேகை. குளிர்ந்த உட்சுவர் துருவம். பூமியின் அடியைத் தேடியவருக்கு ஆகாயம் அகப்பட்டது!

1953இல் கலாநிதிப் பட்டத்தோடு அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வு நிலையத்திற்குச் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஒரு தமிழர்: சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். கீழிருந்து சூடேறும் நீர் மேலெழுவதைச் சுழற்சி எவ்வாறு தடுக்கிறது என்று அவர் அப்போது கணித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பாத்திரத்தில் கண்டதை மற்றவர் காகிதத்தில் கண்டார். அத்துறையில் சந்திரசேகர் எழுதிய பெருநூல் 1961இல் வெளிவந்தது. நட்சத்திரங்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

அதே 1961இல் ஹைட், வியாழன் கிரகத்தின் பெருஞ்செம்புள்ளிக்கு விளக்கம் சொன்னார்: மறைந்திருக்கும் ஒரு தடையின்மேல் சுழல் நீர்த்தூண் போல வாயு நிலைத்து நிற்கிறது என்று. வியாழனில் திடமான தரை இல்லை எனப் பின்னர் தெரியவந்தபோது அக்கருத்து கைவிடப்பட்டது. ஆயினும் அவரது பாத்திரம் பொய்க்கவில்லை. அதன் அலைகள் எட்வேர்ட் லோறன்ஸைச் சிந்திக்கத் தூண்டின. தொடக்கத்தில் நேரும் மிகச் சிறு வேறுபாடும் நாட்கள் செல்லச் செல்ல வானிலைக் கணிப்பைப் புரட்டிவிடும் என்று லோறன்ஸ் 1963இல் காட்டினார்.

1967 முதல் 1990 வரை பிரித்தானிய வானிலை அலுவலகத்தில் ஹைட் பணியாற்றினார். காற்றின் வேகம் மாறும்போது பூமியின் சுழற்சியும் மாறி, ஒரு நாளின் நீளம் ஏறத்தாழ ஆயிரத்திலொரு செக்கன் கூடிக் குறைவதை அவரும் சகாக்களும் 1980இல் எடுத்துக்காட்டினர். 2016இல் அவர் மறைந்தார்.

இதெல்லாம் எமக்கு எதற்கு என்று கேட்கலாம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் வலு குறையும். ஐந்து பாகைக்குள் சூறாவளி பிறப்பது அரிது. திருகோணமலையோ எட்டரைப் பாகையில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22இல் இலங்கையின் வடபகுதியைச் சிதைத்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, அந்த ஐந்தாம் பாகையை அண்டியே உருவானது. 2020 டிசம்பர் 2இல் புரேவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது.

சூறாவளியை நிறுத்தும் வித்தையை ஹைட் கண்டறியவில்லை. அது எப்படிப் பிறக்கிறது, எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியும் என்ற அறிவுக்கு ஒரு கல் எடுத்து வைத்தார். மாரிகாலத்தில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வானொலி அறிவித்தலுக்குக் காது கொடுக்கும் மீனவருக்கு, அந்த ஒரு நாள் முன்னறிவிப்பு உயிருக்குச் சமம்.