இரவல் விழிப்பு

தெலுங்கு தேசத்துப் பெண்களிடையே ஊர்மிளையின் நித்திரையைப் பற்றி ஒரு கதை உண்டு. 14 வருஷம் வனத்திலே இலட்சுமணன் கண் மூடவில்லை. அவன் பங்குத் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை அயோத்தியில் தூங்கித் தீர்த்தாளாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூருக்குப் போயிருந்தபோது அந்தக் கதை நினைவுக்கு வந்தது. சிப்காட் வந்து, 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கிய பிறகு, அவ்வூரில் இரவு என்பதும் ஒரு ஷிப்டுதான். தூக்கக் கடனை அடைக்க அங்கே ஊர்மிளைகள் கிடையாது.

அங்கே ஓர் இளைஞரைச் சந்தித்தேன். இரவு முழுவதும் தூங்கினாலும் பகலில் இயந்திரத்தின் முன்னே கண் சொருகும். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவண்டுவிடும். சோம்பேறி என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெங்களூர் வைத்தியர் ஒருவர்தான், "தம்பி, இது சோம்பல் அல்ல, வியாதி" என்றாராம்.

அந்த வியாதிக்கு 1880-இல் நார்கோலெப்ஸி என்று பெயரிட்டவர் ஜெலினோ என்ற பிரெஞ்சு வைத்தியர். அவரிடம் வந்த மதுப் பீப்பாய் வியாபாரி ஒருவருக்கு ஒரே நாளில் 200 தடவை வரை தூக்கம் வந்து அமுக்குமாம். 1931-இல் எபெட்ரினும், 1935-இல் ஆம்பெட்டமினும் இவ்வியாதிக்கு மருந்தாயின. நோயாளி பகலைத் திரும்பப் பெற்றான்.

ஆனால் மனிதன் மருந்தோடு நிற்பானா? 1940-இல் ஜெர்மன் படைகளுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த பெர்விட்டின் மாத்திரை கோடிக்கணக்கில் வழங்கப்பட்டது. சிப்பாய்கள் விழித்திருந்தார்கள், பிறகு துவண்டு விழுந்தார்கள். மருந்து தூக்கக் கடனைத் தள்ளிப் போட்டதே தவிர, தள்ளுபடி செய்யவில்லை.

பின்னர் பிரான்ஸில் மோடாபினில் பிறந்தது. அமெரிக்க சர்க்கார் அதை 1998-இல் நார்கோலெப்ஸிக்கும், 2004-இல் ஷிப்டு வேலையால் தூக்கம் கெட்டவர்களுக்கும் அனுமதித்தது. இடையே, 2000-இல், இந்த நோயாளிகள் பலரின் மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்ஸின் என்ற பொருள் அற்றுப்போயிருப்பது தெரிந்தது. சோம்பேறிப் பட்டம் சுமந்தவர்களுக்கு அதுவே விடுதலைப் பத்திரம்.

நம் இளைஞருக்கு மருந்தின் அளவு பிடிபடச் சில மாதங்கள் ஆயின. கூடினால் நெஞ்சு படபடப்பு. குறைந்தால் பழைய மயக்கம். மாலையில் சாப்பிட்டால் இரவுத் தூக்கமும் போச்சு. எந்த வேளையில் எப்படி இருந்தது என்று அவர் நோட்டில் குறித்துக் காட்டுவார். வைத்தியர் சிறிது சிறிதாக மாற்றுவார். இப்போது வேறிடத்தில் கணக்கு எழுதுகிறார். மத்தியானம் 20 நிமிஷம் தூங்க அங்கே அனுமதி உண்டு.

"மாத்திரை பாதி, அந்த 20 நிமிஷம் பாதி, ஸார்" என்றார். அவருக்காவது ஒரு சிறு ஊர்மிளை கிடைத்தாள்!