பனித்துளிப் பூ: நிழற்றோட்டம் ஒன்றின் வரலாற்றுப் பின்னணி

பூந்தோட்டத்தை அழகுணர்ச்சியின் வெளிப்பாடாக மட்டுமே நோக்குவது வழக்கம். ஆயின், தோட்டத்துச் செடிக்குப் பின்னால் அதனைத் தோண்டிய கையும், ஏற்றிச்சென்ற கப்பலும், விற்ற சந்தையும் உள. பிரித்தானிய நிழற்றோட்டங்களில் இளவேனிலுக்கு முன்னரே மலரும் 'ஸ்னோட்ரொப்' என்னும் பனித்துளிப் பூவின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

இது குமிழிலிருந்து வளரும் பல்லாண்டுத் தாவரம். மாரியில் மரங்கள் இலையுதிர்த்து நிற்க, ஒளி நிலத்தை அடைகின்றது. குமிழில் முன்னாண்டு சேர்ந்த உணவைக்கொண்டு இச்செடி ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே பூக்கின்றது. மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்குள் இலைகள் அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேமித்து மடிந்துவிடுகின்றன. பூ வாடியதும் இலையை வெட்டலாகாது என்பது இதனாலேயே.

ஆங்கிலேயர் பலர் தம் மண்ணுக்கே உரியதெனக் கருதிய இப்பூ, பிற நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்பதே இன்றைய தாவரவியலாளர் பலரின் கருத்தாகும். 1597இல் வெளிவந்த தமது மூலிகை நூலில் ஜோன் ஜெராட், இது இத்தாலியில் இயல்பாக வளர்வதென்றும், இலண்டன் தோட்டங்களில் இடம்பெற்றுவிட்டதென்றும் குறித்தார். பிரித்தானியக் காடுகளில் இது தானே வளர்வதாகப் பதிவுகள் கிடைப்பதோ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம்.

1874இல் இயற்கை ஆய்வாளர் ஹென்றி ஜோன் எல்வெஸ், துருக்கியின் இன்றைய இஸ்மீர் நகருக்கு அண்மையில் பெரிய பூக்களையுடைய இனமொன்றைக் கண்டார். அவ்வினம் அவர் பெயரையே பெற்றது. தொடர்ந்து ஐரோப்பியத் தோட்டங்களின் தேவைக்காகத் துருக்கிய மலைச்சாரல்களில் குமிழ்கள் தோண்டப்படலாயின. 1980களில் இவ்வேற்றுமதி ஆண்டுதோறும் மிகப் பெருமளவில் நிகழ்ந்தது. விதையிலிருந்து முளைக்கும் செடி பூப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லுமாதலின், தோண்டிய வேகத்துக்கு இயற்கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1990இல் இவ்வினங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைக்குள் கொண்டுவரப்பட்டன.

எனினும், முற்றான தடையொன்று குமிழ் தோண்டிப் பிழைத்த வறிய கிராமத்தவரின் சீவனோபாயத்தையே பறித்திருக்கும். ஆதலால் ஏற்றுமதிக்கு ஆண்டளவு வரையறுக்கப்பட்டது. 1990களில் கிராமத்தவர் தம் நிலத்திலேயே குமிழ்களைப் பயிரிடும் முயற்சியும் தொடங்கப்பட்டது. இயற்கையைக் காப்பதும் அதனை நம்பி வாழும் உழைப்பாளியைக் காப்பதும் வெவ்வேறான பணிகள் அல்ல என்பதை இது உணர்த்துகின்றது.

தாவரத்தின் பெயரில் எல்வெஸ் வாழ்கின்றார். தோண்டிய கிராமத்தவரின் பெயர்களோ ஏட்டில் ஏறவில்லை. அவர்களையும் உள்ளடக்கும்போதே தோட்டத்தின் வரலாறு முழுமைபெறும்.