தன் கையால் எழுதிய மறுப்பு

இளங்கலை இயற்பியல் படித்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரீடிங் புத்தகத்திலுள்ள மதிப்போடு ஒத்துவராவிட்டால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கைத் திருத்திவிடுவோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டுமே! ஒருமுறை திருத்தாமல் அப்படியே கொண்டுபோனேன். “புத்தகம் தப்பா, நீ தப்பா?” என்று ஆசிரியர் கேட்டார். நான்தான் தப்பு என்று சொல்லி, ரப்பரால் அழித்து எழுதினேன். அன்று தப்பு என்னுடையதாகவே இருந்திருக்கலாம். அந்தக் கருவியின் திருகு ஒரு நாளும் நிலையாக நின்றதில்லை. ஆனால் எது தப்பு என்று தேடிப் பார்க்கும் வாய்ப்பும் அந்த ரப்பரோடு போயிற்று. பல வருடங்கள் கழித்து சிசிலியா பெய்னைப் பற்றிப் படித்தபோது அந்த ரப்பர்தான் நினைவுக்கு வந்தது.

1900இல் இங்கிலாந்தில் பிறந்தவர் பெய்ன். கேம்பிரிட்ஜில் படித்தார், பட்டம் கிடையாது. அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் 1948இல்தான் வந்தது. 1923இல் அமெரிக்காவுக்குப் போய் ஹார்வர்ட் வானாய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்காகக் கண்ணாடித் தகடுகள் காத்திருந்தன. நட்சத்திரங்களின் நிறமாலையைப் படமெடுத்த அந்தத் தகடுகளை, பல ஆண்டுகளாகக் குறைந்த கூலிக்குப் பெண்கள் உட்கார்ந்து படித்துவந்தார்கள். அவர்களில் வில்லியமினா ஃபிளெமிங், ஆய்வக இயக்குநரின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். காது சரியாகக் கேட்காத ஆனி ஜம்ப் கேனன் வகைப்படுத்திய பட்டியலில் இரண்டே கால் லட்சம் நட்சத்திரங்கள் இருந்தன. இதை “வெறும் கணக்கு வேலை” என்று சொல்பவர்கள், ஒரே ஒரு தகட்டை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

வகைகள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்கு விடை கொல்கத்தாவிலிருந்து வந்தது. நிறமாலைக் கோடுகளின் வலிமை, தனிமத்தின் அளவை மட்டுமல்ல, வெப்பநிலையையும் பொறுத்தது என்று 1920இல் மேகநாத் சாகா சமன்பாட்டோடு காட்டினார். கோல்கத்தாவின் சமன்பாட்டை ஹார்வர்ட் பெண்களின் தகடுகளில் பெய்ன் பொருத்திப் பார்த்தார்.

சூரியனின் வெப்பநிலையில், கண்ணுக்குத் தெரியும் கோடுகளை உண்டாக்கும் நிலையில் இருப்பவை ஹைட்ரஜன் அணுக்களில் மிகச் சிலவே. ஓர் ஊரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்தான் வாசலுக்கு வருவார் என்று தெரிந்தால், பத்துப் பேரைத் தெருவில் பார்த்ததுமே ஊரில் லட்சம் பேர் என்று கணக்கிட்டுவிடலாம். பெய்ன் போட்டதும் அந்த மாதிரிக் கணக்குதான். சிலிக்கான், இரும்பு போன்றவை ஏறத்தாழப் பூமியில் உள்ள விகிதத்திலேயே வந்தன. ஹைட்ரஜன் மட்டும் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகமாக வந்தது.

வரைவைப் படித்த பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இது சாத்தியமே இல்லை என்று எழுதினார். அவரை வில்லனாக்கிவிடுவது எளிது. ஆனால் அவருக்குக் காரணங்கள் இருந்தன. சூரிய நிறமாலையில் தெரிந்தவை பூமியில் உள்ள தனிமங்களே. பூமியின் மேலோட்டைச் சூரியன் அளவுக்குச் சூடாக்கினால் அதே போன்ற நிறமாலை கிடைக்கும் என்பது அன்றைய நல்ல அறிவியல். புதிதாக வந்த ஓர் எண்ணைச் சந்தேகிப்பது அறிவியலின் வேலைதானே.

என்னை உறுத்துவது அந்தச் சந்தேகத்தை யார் எழுத வேண்டியிருந்தது என்பதுதான். 25 வயதுப் பெண்ணின் எதிர்காலம் ரஸ்ஸலின் ஒரு சொல்லில் தொங்கியது. 1925இல் வந்த ஆய்வேட்டில் எண்கள் இருந்தன; ஹைட்ரஜன், ஹீலியம் அளவுகள் பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்ற மறுப்பும் இருந்தது, அவர் கையாலேயே. முனைவர் பட்டம் தந்தது ஹார்வர்ட் அல்ல, பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், சூரிய நிறமாலையை வேறு வழியில் ஆராய்ந்த ரஸ்ஸல் அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் முடிவோடு தன் முடிவு ஒத்துப்போவதையும் அதே கட்டுரையில் எழுதினார். திருட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வெகுகாலம் கண்டுபிடிப்பு அவர் பெயரிலேயே பேசப்பட்டது. தவறு என்று சொன்னதற்காக ரஸ்ஸல் எதையும் இழக்கவில்லை. சரியாகச் சொன்ன பெய்னோ, வற்புறுத்தாமல் விட்டுவிட்டோமே என்று பிற்காலத்தில் தன்னையே நொந்துகொண்டார்.

ஹார்வர்டில் அவருக்கு நெடுநாள் சம்பளம் வந்தது கருவிகளுக்கான செலவுக் கணக்கிலிருந்து. 1956இல் பேராசிரியரானார்.

முதுகலையில் சாகா சமன்பாட்டை மனப்பாடம் செய்தேன். பெய்னின் பெயரை யாரும் சொல்லவில்லை. இப்போது அதை நடத்தும் நாளில் அந்தப் பத்து லட்சத்தை முதலில் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் ரீடிங் ஒத்துவரவில்லை என்று வரும் மாணவிகளிடம், அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொரு ரீடிங் எடுத்து எழுதச் சொல்கிறேன். நோட்டுகள் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்.