எண்சுவடியும் இன்ஸ்பெக்டரும்: தமிழ்நாட்டுத் தொடக்கக் கணக்குக் கல்வி, 1822–1957

திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி மறைந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: அச்சு வந்தது, ஓலை போனது, ஓலையோடு பழைய படிப்பும் போனது. கணக்குப் பாடத்தை எடுத்துப் பார்த்தால் இந்த விடை நிற்கவில்லை. எண்சுவடி அச்சேறியது. அச்சில் அது ஓலையில் இருந்ததைவிட அதிகம் பரவியது. அதன் முடிவுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மானியம் எதற்குக் கிடைத்தது, நிலத்தை எந்த அளவில் பதிவு செய்தார்கள், கடைசியாகக் காசு எப்படிப் பிரிந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் பாடம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். மணலில் விரலால் எழுத்துப் பழகிய பையன் அரிச்சுவடி முடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் படித்து, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று கணக்குக்குப் போவான். பொன்னிலக்கம் முந்திரியில் தொடங்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி (1/80), நான்கு காணி ஒரு மா (1/20), ஐந்து காணி ஒரு மாகாணி (1/16). நெல்லிலக்கம் முகத்தலளவை: எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளின் தொகுப்பு. முழு எண்ணை முழு எண்ணால் பெருக்குவதோடு அது நிற்பதில்லை. மாகாணியை மாவால் பெருக்கினால் என்ன வரும் என்பதையும் பையன் யோசிக்காமல் சொல்ல வேண்டும் (முந்திரி வரும்). குழிமாத்து நில அளவைக்கான வாய்பாடு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற தஞ்சைக் கணக்கை வைத்துப் பார்த்தால், இருபதில் ஒரு பங்கான மா ஏன் வாய்பாட்டில் இவ்வளவு இடம் பிடித்தது என்பது புரிந்துவிடும். ஊர்க் கணக்கன் எழுத வேண்டிய கணக்கும் நெல் அளப்பவன் போட வேண்டிய கணக்கும்தான் பாடமாக இருந்தன.

இவை அனைத்தும் வாயால் கற்கப்பட்டன. மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இந்தப் பள்ளிகளை விரிவாக எழுதியிருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பையனிடமும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்பது அங்கே ஒரு பயிற்சி. இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளியவர்கள் அன்றே இருந்தார்கள். ஆனால் ஓலையும் எழுத்தாணியும் கொண்டு, அழித்தெழுத வழியில்லாத பரப்பில் நீண்ட கணக்கைப் படிப்படியாகப் போடுவது எளிதல்ல. விடையை மனத்தில் முடித்துவிட்டு ஓலையில் பதிவு மட்டும் செய்வதுதான் சாத்தியம். கருவிக்கு ஏற்ற கல்வி முறை அது.

1822 ஜூன் மாதம் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்டங்களிலும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள்தொகை கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இந்த ஆவணங்களை 1983இல் தரம்பால் தொகுத்து வெளியிட்டபின், பழைய பள்ளிகளில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகளும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள் என்பது பரவலாகத் தெரியவந்தது. அது உண்மை. அதே கணக்கில் பெண்கள் 4,540 பேர்தான் என்பதும், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பொதுவாக இடமே இருந்ததில்லை என்பதும் உண்மை. முதல் செய்தியைச் சொல்பவர்கள் இரண்டாவதை மெதுவாகச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு துணைச்செய்தி. 1789இல் எழும்பூர் ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். மூத்த மாணவனே இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் வளர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. நம் ஊரில் பழசு என்று ஒதுக்கப்படவிருந்த ஒன்று அங்கே புதுமையாகக் கொண்டாடப்பட்டது.

1835க்குப் பின் இந்தியர் அச்சகம் நடத்துவது எளிதாகிவிட்டது. பஞ்சாங்கத்தோடும் கும்மிப் பாட்டுகளோடும் எண்சுவடியும் மலிவுப் பதிப்பாகக் கடைவீதிக்கு வந்தது. அச்சு அதன் உள்ளடக்கத்தைத் தொடவில்லை. தமிழ் எண்களோடு, பழைய பின்னக் குறிகளோடு அப்படியே அடித்தார்கள். மாற்றியது பணம்.

1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கையைத் தொடர்ந்து சென்னையில் பொதுக் கல்வித் துறை அமைந்தது. தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை என்ற கொள்கையும் வந்தது. 1860களில், இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த விதியை ஒட்டி, தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறை இங்கேயும் புகுந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குப் பணம் கிடைக்கும். முன்பு வாத்தியாரின் வருமானம் ஊரார் தரும் நெல்லிலும், பண்டிகைக் காணிக்கையிலும், மாதச் சம்பளமாகக் கிடைக்கும் சில காசுகளிலும் இருந்தது. பையனுக்குக் குழிமாத்து வருகிறதா என்று பார்த்தவர்கள் ஊரார். இப்போது பார்ப்பவர் மாறிவிட்டார். அவர் சிலேட்டில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலைப் படி காட்டிச் செய்யச் சொன்னார். மனத்தில் முடித்து விடையை மட்டும் சொல்லும் பையனின் திறமையை அந்தச் சோதனை அளக்கவில்லை. சிலேட்டு அழித்தெழுதக் கூடிய பரப்பு என்பதால் புதுமுறைக்குப் பொருந்தியது. ஆனால் சிலேட்டு தானாக யாரையும் மாற்றிவிடவில்லை. மானிய விதிதான் அதைப் பையனின் கையில் கொடுத்தது. திண்ணை வாத்தியார்கள் பலர் இந்த மானியத்துக்காகவே துறையின் பட்டியலில் சேர்ந்தார்கள். திண்ணை அழியவில்லை, அது உதவிபெறும் பள்ளியாக மாறியது என்று சொல்வதே சரி.

வேறொரு பக்கத்தில் பாடத்தின் பயனும் சுருங்கியது. 1858இல் தொடங்கிய நில அளவை, வரித்திட்டத் துறை வயல்களை ஏக்கரிலும் சென்டிலும் அளந்து பதிந்தது. ஏக்கருக்கு நூறு சென்ட் என்ற கணக்கில் மாவும் காணியும் தேவையில்லை. ஊர்க் கணக்கனான கர்ணத்தின் பதிவேட்டில் குழிமாத்துக்கு இடமில்லாமல் போன பின், அதை மனப்பாடம் செய்வதற்கான முக்கியக் காரணமும் போய்விட்டது. ஊருக்குள் வேலி, மா, குழி என்று பேசுவது மட்டும் நெடுங்காலம் நிலைத்தது.

இந்த மாற்றத்தைப் பறிபோன அறிவின் கதையாக மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. எண்சுவடி தெரிந்தவன் கணக்கனாகலாம் என்பது, கணக்கனாகப் பிறக்க வாய்ப்புள்ளவனுக்குத்தான் பொருந்தும். 1893இல் சென்னை அரசு, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமரின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் அவர்களுக்கான தம் இலவசப் பள்ளிகளில் முதலாவதைத் தொடங்கினார். இந்த முயற்சியில் அயோத்திதாசரின் பங்கு பெரிது. அங்கே வந்த பிள்ளைகள் கற்றது புதிய கணக்கு. அதற்குத் திண்ணையும் பரம்பரையும் வேண்டாம், தேர்வில் தேறினால் போதும். எந்தப் பாடத்திட்டம் பழைய வாய்பாட்டை ஓரங்கட்டியதோ, அதுவே அதுவரை உள்ளே விடப்படாதவர்களுக்கு வாசலானது. வழி குறுகலானதுதான், தேர்வு வரை போய்ச் சேர்ந்தவர்கள் சிலரே. ஆனாலும் எண்சுவடியின் இழப்பை அளப்பவர்கள் இதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பள்ளி கைவிட்ட பின்னும் கடைத்தெரு எண்சுவடியைக் கைவிடவில்லை. காரணம் அணா. 1835இல் கம்பெனி நாடு முழுதும் பொதுவாக்கிய ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு அணா என்றால் ரூபாயில் மாகாணி, இரண்டணா அரைக்கால், மூன்றணா மும்மாகாணி. மளிகைக் கடைக்காரரின் கணக்குப்பிள்ளைக்குப் பழைய வாய்பாடு நாள்தோறும் உதவியது. மலிவுப் பதிப்புகள் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து விற்றதற்கு இதுவே நம்பத்தக்க விளக்கமாகத் தோன்றுகிறது. மரபின் மேலுள்ள பற்று என்று சொல்வதைவிட இது பொருந்துகிறது.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவானது. அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய எடை, அளவைச் சட்டத்தின்படி கிலோவும் லிட்டரும் அடுத்த சில ஆண்டுகளில் கட்டாயமாயின. மாகாணிக்கு ஆறேகால் பைசா என்று வந்தபோது அந்த வாய்பாட்டின் வசதி முறிந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம் பதவியையும் ஒழித்து, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரை நியமித்தது. அந்தத் தேர்வின் கணக்குகள் சதவீதத்திலும் ஏக்கரிலும் ஹெக்டேரிலும் இருந்தன.